ஆமிக் கழிவு

கிழக்கு லண்டன் நீச்சல் குளமொன்றில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. காலையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வருவார். ஒட்ட வெட்டிய நரைமுடி, நிமிர்ந்த நடை. நீந்தும்போது தண்ணீரில் சத்தமே எழாது. காவலுக்கு நிற்பவரே குளம் காலியென்று ஏமாந்திருக்கிறார்.

இராணுவம், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரர், காப்பகப் பிள்ளைகள் எல்லோருக்கும் டிக்கெட் விலையில் கழிவு என்று குளத்து நிர்வாகம் அறிவித்தது. அவருடைய நடையை நினைத்துக் கேட்டேன்:

"ஆமியோ, அண்ணை?"

சட்டென்று கவுண்டருக்குக் கீழே குந்தினார். "எங்கை?"

போர்க்காலத்தில் ஊரில் யாராவது 'ஆமி' என்றால், இராணுவம் வருகிறதென்று தெருவே காலியாகும். மறந்திருந்தேன்.

"டிக்கெட் கழிவுக்குக் கேட்டனான், அண்ணை."

"சத்தம் போடாதை, பிள்ளை."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவரும் இல்லை. ஆனாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கத்தில் நானும் குந்திவிட்டேன். யார் முதலில் எழும்பியது என்பது இன்றும் நினைவில்லை.