ரேஷன் கடைச் சுவரில் அம்மா எழுதிய வரி

என் மனைவியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அவரோடு ஒரே தையல் லைனில் உட்கார்ந்து வேலை செய்த கம்பெனிப் பெண்களுக்கும் என் வணக்கம். அச்சகத்துத் தம்பி, "அண்ணா, வாழ்க்கைக் குறிப்பு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, கவிதை நாங்களே போட்டுக்கறோம்" என்றார். கவிதை வேண்டாம், அந்தப் பக்கத்தையும் எனக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் படிக்கலாம். ஆனால் இதை நான் எழுதுவது என் மகள் தேன்மொழிக்கும் மகன் குமரனுக்கும்தான்.

வீட்டில் உங்கள் அம்மாவை நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். இருக்கும்போதே கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம்.

அம்மா பேரணாம்பட்டில் பிறந்தார். வீட்டில் எல்லோருக்கும் பீடி சுற்றும் வேலை. அவர் தெருப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் இருந்தது. ஆறாவது படிக்க பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போக வேண்டும். "பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரம் யாரு தினம் இட்டுனு போறது?" என்று வீட்டில் ஒருவர் கேட்டார். அதோடு அம்மாவின் படிப்பு முடிந்தது. கூட இருந்த பிள்ளைகள் ஜூன் மாதம் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டபோது அம்மாவின் மடியில் பீடி முறம் இருந்தது. இதை அவர் அழுது சொல்லி நான் கேட்டதில்லை. "எனுக்கு ஆறாங்கிளாஸ் டீச்சர் பீடி இலை கத்தரிக்கோல்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

என்னைக் கட்டிக்கொண்டு ஆம்பூர் வந்த பிறகு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். நான் தோல் பதனிடும் டேனரியில் காலை ஷிப்ட். தேன்மொழி பிறந்தாள், ஐந்து வருஷம் கழித்து குமரன். இரண்டு பேரையும் நம் தெரு அரசுப் பள்ளியில்தான் சேர்த்தோம். அப்போது அங்கே எட்டாவது வரை இருந்தது. அதுதான் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "எட்டு வரைக்கும் வாசல்லயே படிக்கலாம், யாரையும் கெஞ்ச வேணாம்" என்பார்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக ஒரு பிள்ளையின் தாய் வர வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அம்மா தலையில் பூ சரிகிறதே என்று கையைத் தூக்கினாராம், உடனே தலைமை ஆசிரியை இவர் பெயரை எழுதிக்கொண்டாராம். அம்மா எல்லோரிடமும் சொன்ன கதை இது. ஆனால் முந்தின நாளே அவர் புடவையை இஸ்திரி போட்டு வைத்ததை நான் பார்த்தேன்.

நம் தெருவில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். விடிந்ததும் பஸ் ஏறினால் விளக்கு வைத்துத்தான் வருவார்கள். பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் வாசல் திறந்திருப்பதைப் பார்க்காத தாய்மார்கள் உண்டு. அதனால் அம்மா ஒரு வேலை செய்தார். பள்ளியில் ஓரம் கட்டிப் போட்டிருந்த பழைய கரும்பலகையைக் கேட்டு வாங்கி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், ரேஷன் கடைச் சுவரில் கூரைக்கு அடியில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்தது நான்தான். மேலே 'பள்ளிச் செய்தி' என்று பெயின்டில் எழுதினோம். கீழே திங்கள்கிழமைதோறும் அம்மா சாக்பீஸில் எழுதுவார். 'ஏழாம் வகுப்புக்குக் கணக்கு சார் வந்துவிட்டார்.' 'பெண்கள் கழிவறைக்குத் தண்ணீர் வருகிறது. பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கவும்.' 'புதன்கிழமை முட்டை சிறியதாக இருந்தது. கேட்டிருக்கிறோம்.'

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவுக்குத் தமிழ் எழுத்து வராது. பஸ் வரும்வரை அம்மாதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

"இன்னா தலைவரம்மா, இன்னிக்கி தலைப்புச் செய்தி இன்னா?"

"உங்க ஷபானா நேத்து ஸ்கூலுக்கு லேட்டு. அதான் தலைப்புச் செய்தி."

"அய்ய, அதைப் போயி போர்டுல எழுதிட்டியா? அழி, அழி!"

பஸ் ஸ்டாப் முழுக்கச் சிரிக்குமாம். தலைவராக இருந்த அந்த இரண்டு வருஷம் அம்மா முகத்தில் இருந்த வெளிச்சம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டமானது.

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் நடக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் கம்பெனியில் அனுமதி கிடைக்காது. அரை நாள் லீவு போட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். கையெழுத்து இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். "ரிஜிஸ்டர வியாழக்கெழமையே எடுத்துனு வந்து பஸ் ஸ்டாப்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடு. மேல காலியா வுட்டுட்டா டீச்சர் தீர்மானத்த எழுதிக்கப் போறாங்க." கம்பெனியில் எத்தனையோ தாளில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டு எங்களுக்குப் பழக்கம். அம்மா முதலில் ஒப்பவில்லை. பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் தலைமை ஆசிரியையிடம் மேலே என்ன எழுதப் போகிறார்கள் என்று கேட்டு, அதைப் பெண்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் ரிஜிஸ்டரை நீட்டுவார். அந்த ஒழுங்கை அவர் ஒரு தடவையும் விட்டதில்லை.

ஒரே ஒரு வாரம் அம்மாவுக்கு ஏற்றுமதி வேலை அவசரம், ஓவர்டைம். உடம்பும் காய்ச்சலாக இருந்தது. அந்த வியாழக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. ரிஜிஸ்டரைப் பள்ளியிலிருந்து வாங்கி வந்து, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். கடைசியாக வீட்டில் அம்மாவிடம் நீட்டினேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மேல இன்னா எழுதப் போறாங்கன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. பள்ளி வாசலில் நின்று பியூனிடம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் வாயில் வந்தது, "கேட்டேன், கேட்டேன். செவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்காம்."

அம்மா கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அந்த வகுப்புகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்க்கிறோம், பெற்றோர் எல்லோரும் ஒரு மனதாக ஒத்துக்கொண்டு தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று. தீர்மானம் என்றது அந்த வியாழக்கிழமைப் பக்கம். மேலிடத்தில் கேட்டார்கள், எழுதினேன் என்று தலைமை ஆசிரியை அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போய்க் கேட்டிருந்தால் அவர் மறைத்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"எங்க கையெழுத்த வச்சே எங்க புள்ளைங்க கிளாஸ மூடிட்டியே!"

"இன்னாத்துக்கு வாங்குறன்னு கேட்டுச் சொல்லுவியே, அன்னிக்கி மட்டும் இன்னா ஆச்சி?"

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "தப்புதான். நான் கேக்காம வுட்டுட்டேன்" என்றார்.

ரிஜிஸ்டரை அவர்களிடம் நீட்டியது நான். ஆனாலும் நான் அவர் சொல்லி வந்த ஆள், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

வேலூரில் கல்வி அலுவலகத்துக்கு அம்மா எத்தனையோ தடவை ஏறி இறங்கினார். மிச்சமிருந்த லீவு எல்லாம் அதிலேயே போயிற்று. ஒரு தடவை நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என்னுதுதான் சார். ஆனா போடறப்ப மேல ஒண்ணும் எழுதல."

"வெறும் தாள்ல யாராவது கையெழுத்துப் போடுவாங்களாம்மா? வாங்கினது யாரு?"

"நான்தான் சார்."

நான் அம்மாவுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரியைப் பார்த்து வந்த அடுத்த திங்கள்கிழமை அம்மா பலகையைத் துடைத்துவிட்டு முதல் வரியாக இதை எழுதினார்: 'ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் போனது என் தவறு. என்னவென்று கேட்காமல் கையெழுத்து வாங்கினேன்.' கீழே தன் பெயர். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் மற்ற செய்திகளை அழித்து எழுதுவார். அந்த வரியில் மட்டும் துணி படாது. மங்கினால் மேலேயே திரும்ப எழுதுவார்.

தேன்மொழி, நீ அப்போது ஆறாவது. உன் சினேகிதி ஷபானாவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்ப முடியாது என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போட ஆரம்பித்தாள். நீ வீட்டுக்கு வந்து, "எல்லாம் உன்னாலதாம்மா" என்று கத்தினாய். அதன் பிறகு பதினைந்து நாள் அம்மாவோடு நீ பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் கையில் கொடுத்து உன்னிடம் அனுப்புவார். நான் கொண்டு வந்து வைப்பேன். அந்தப் பதினைந்து நாளில் எந்த நாளும் நான் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா என்றால் உனக்கு உயிர். அது போய்விடுமோ என்று பயந்தேன்.

கம்பெனியில் கழித்துப் போட்ட சிவப்புத் தோல் துண்டுகளைச் சேர்த்து அம்மா ஒரு கொடி தைத்தார். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கொடியை நீட்டி லாரிகளை நிறுத்தி, ரோட்டைக் கடக்க விடுவார். பள்ளி திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். பிள்ளைகள் அந்தப் பக்கம் கோயில் படியில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் நான் போய்க் கூட்டி வருவேன். நான் செய்தது அது ஒன்றுதான்.

ஷபானா வீட்டுக்கு அம்மா தினமும் போவார். நூர்ஜஹான் அக்கா முதலில் கதவைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார், பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் மகளை அனுப்பவில்லை. அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டேயிருந்தார்.

வயிற்று வலி ஆரம்பித்தபோது லீவு இல்லை என்று தள்ளிப்போட்டார். கம்பெனியில் கொடுத்த மாத்திரையை விழுங்கி விழுங்கியே ஒரு வருஷம் ஓட்டினார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகு நாற்பது நாள்கூட இல்லை.

ஒரு மத்தியானம் வார்டில் யாரும் இல்லாத நேரம் நான் சொன்னேன். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நான்தான் கேக்காம பொய் சொன்னேன்னு."

அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னார். "எனுக்கு அன்னிக்கே தெரியும். பெயின்ட்டுன்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். எழுந்து போயி டீச்சர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். ஒடம்பு முடியல, வுட்டுட்டேன். அதனால நான் எழுதினது பொய்யில்ல."

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஆனா நெசத்துல பாதிதான்" என்றார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் முறை போட்டுக்கொண்டு அம்மாவோடு இருந்த தையல் லைன் பெண்களுக்கு நன்றி. கடைசிப் பத்து நாளும் வீட்டுக்கே போகாமல் அம்மாவுக்குத் தலை வாரி, உடம்பு துடைத்துவிட்ட நூர்ஜஹான் அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் போதாது. அக்கா, உங்கள் மகள் படிப்பு நின்றதற்குக் காரணம் நீங்கள் நினைத்த ஆள் இல்லை, நான். நீங்கள் தமிழ் வாசிப்பதில்லை என்பதால் இதை நானே உங்கள் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டுகிறேன். சுடுகாடு வரை தோள் கொடுத்த டேனரித் தோழர்களுக்கும், இரண்டு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு அனுப்பிய தெருவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

குமரா, வருகிற ஜூனில் நீ ஆறாவது. நீயும் ரோட்டைக் கடக்க வேண்டும். சாயங்கால ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். காலையில் அம்மாவின் சிவப்புக் கொடியோடு நான் வருவேன்.

தேன்மொழி, ரேஷன் கடைச் சுவரில் அம்மாவின் வரி மங்கிப்போய் இன்னும் இருக்கிறது. ஒரு வருஷமாக அந்தப் பலகையை யாரும் தொடவில்லை. நினைவு நாள் அன்று காலை, முதல் பஸ் வருவதற்கு முன் நான் அங்கே போவேன். அம்மாவின் எழுத்தை அழிக்க மாட்டேன். அதன் கீழே, 'என்னவென்று கேட்காமல் அந்தக் கையெழுத்துகளை வாங்கியதும், கேட்டேன் என்று பொய் சொன்னதும் நான்' என்று எழுதி, என் பெயரைப் போடுவேன். நீங்கள் இதைப் படிக்கும்போது எழுதி முடித்திருப்பேன்.

அதன் பிறகு நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வந்து வைக்க இந்த வீட்டில் இனி வேறு ஆள் இல்லை. நானே கொண்டு வந்து வைக்கிறேன்.

உங்கள் அப்பா