வாசம் போகாத சட்டை

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கும்போது, பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் சோப்பு என்கிற வாசனைச் சவுக்காரக் கட்டி ஒன்று வாங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஆற்றின் தென்கரையில் எனக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பயற்றமாவு தேய்த்துத்தான் குளிப்பாட்டுவோம். துணியெல்லாம் சலவைக்காரிக்குப் போகும். அவள் உவர்மண்ணில் அவித்து ஆற்றில் அடித்து வெளுத்துக் கொண்டுவருவாள்.

இவளுக்கு முன் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து, இரண்டு வயதில் வைசூரியில் போய்விட்டான். அதற்குப் பிறகு ஆண்டவர் இவளைக் கொடுத்து, பத்து மாதம் காப்பாற்றியும் தந்திருந்தார். அவர் சந்நிதியில் பிள்ளையைப் பளிச்சென்று கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பிள்ளையின் நல்ல சட்டையை மற்றவர் கையில் கொடுக்காமல் நானே சவுக்காரம் போட்டுத் துவைத்தேன். தொட்டில் துணி, இடுப்புத் துணி எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பிள்ளைக்கும் அந்தக் கட்டியைத்தான் தேய்த்தோம்.

"இன்னொரு தண்ணியில அலசுங்க, கையில வழவழன்னு இருக்கு" என்றாள் என் சம்சாரம்.

"போதும். இன்னும் அலசினா வாசம் போயிரும்" என்றேன்.

கோயிலில் பெரிய உத்தியோகஸ்தர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிற வாசம் அது. என் பிள்ளையிடமும் அது வர வேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

புதன்கிழமை பிள்ளையின் கழுத்து மடிப்பு சிவந்திருந்தது. சித்திரை வெயில், சூடுதான் என்று நினைத்து அன்றைக்கு இரண்டு தடவை குளிப்பாட்டினோம், இரண்டு தடவையும் சவுக்காரம் போட்டு. வியாழக்கிழமை கக்கத்திலும் இடுப்பைச் சுற்றியும் தடித்துச் சின்னச் சின்னப் பருவாக எழும்பிவிட்டது. பிள்ளை கழுத்தைத் தோளில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அழுதாள்.

அழுகை கேட்டு அடுத்த வீட்டு அக்கா வந்தாள். அவர்கள் நம் வேதக்காரர் அல்ல, ஆனால் நல்லது பொல்லாததற்கு முதல் ஆளாக வந்து நிற்பவர்கள். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தவள் என் சம்சாரத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏட்டி, இது சூடு இல்ல. ஆத்தா வந்திருக்கா. மேலுக்குத் தண்ணி விடாத. வேப்பிலை பறிச்சுப் போடு."

ஆத்தா என்றால் வைசூரி. பையனுக்கு முத்து முதலில் எங்கே போட்டது என்று யோசித்துப் பார்த்தேன். பயத்தில் நினைவு வரவில்லை.

குளிப்பாட்டுவதை நிறுத்தினோம். நாற்றம் வரக்கூடாதென்று சவுக்காரம் போட்ட தொட்டில் துணியையும் இடுப்புத் துணியையும் மட்டும் வேளைக்கு ஒன்றாக மாற்றினோம். வெள்ளிக்கிழமை தடிப்பு இன்னும் பரவியிருந்தது. பிள்ளையைக் கிடத்தும் பாயைத் தூக்கியபோது அடியில் வேப்பிலைக் கொத்து கிடந்தது.

"கிறிஸ்தவ வீட்டில் இது என்ன காரியம்?" என்று சம்சாரத்தைக் கேட்டேன்.

"வேப்ப மரத்தை யாரு படைச்சா? நம்ம ஆண்டவர் இல்லையா?" என்றாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. கொத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முழங்கால்படியிட்டேன். வைசூரியென்றால் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோவது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். கொண்டுபோகாமல், ஞானஸ்நானம் இல்லாமலே இவள் போய்விட்டால்? பிள்ளையை விட்டுவிடும், பிள்ளையை விட்டுவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் சலவைக்காரி வந்தாள். வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"என்னம்மா, இந்த வாரம் பிள்ளைத் துணி ஒண்ணுகூட வரல? வேற ஆளு வச்சிட்டியளா?"

"ஆளெல்லாம் இல்ல. இவுகதான் தொவைச்சாக" என்று என் சம்சாரம் என்னைக் காட்டினாள். உடனே வாசலை மறித்துக்கொண்டாள். "உள்ள வராத. பிள்ளைக்கு வைசூரி."

"எனக்கு எப்பவோ வந்து போயாச்சு. மூஞ்சியப் பாத்தா தெரியலையா?" அவள் முகமெல்லாம் தழும்பு. நேராக உள்ளே வந்து தொட்டில் அருகே உட்கார்ந்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"மேல் சுட்டுச்சா, காய்ச்ச இருந்துச்சா?"

"இல்ல."

"மூத்தவனுக்கு மொதல்ல எங்க போட்டுச்சு?"

"நெத்தியில" என்றாள் என் சம்சாரம். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த முகம் ஞாபகம் வந்தது.

"இவ மூஞ்சி தொடச்ச மாதிரி இருக்கு. துணி படுத எடத்துலதான் தடிச்சிருக்கு." தொட்டில் துணியை மோந்து பார்த்தாள். பிறகு பிள்ளையின் சட்டையைக் கழற்றிச் செம்புத் தண்ணீரில் முக்கிக் கசக்கினாள். நுரை பொங்கியது. மூன்று நாளாகப் பிள்ளை உடுத்திய துணி அது.

"சவுக்காரம் துணியிலேயே குடியிருக்கு. உவர்மண்ணுக் காரத்துல ஊறுன எங்க கையப் பாருங்க." வெடித்துப் பிளந்திருந்த இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். "இந்தத் தோலே இப்படின்னா, அந்தப் பச்சைத் தோலு என்னத்துக்காகும்? நீங்க வெத்தில பயிர் செய்யுதிய. அத மட்டும் செய்யுங்க ஐயா."

கிணற்றுத் தண்ணீர் உப்பு, அது சவுக்காரத்தை எடுக்காது, ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்றாள். நான்கு நடை ஓடினேன்.

"பைய ஊத்துங்க, தேய்க்காதிய" என்று அவள் சொல்லச் சொல்ல ஊற்றினோம். பழந்துணியால் ஒற்றி எடுத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தோம். உடுப்பு ஒன்றும் போடாமல், கொடிக்கால் வரப்பிலிருந்து கொண்டுவந்த வாழைக் குருத்தில் கிடத்தினோம். பிள்ளை கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். சலவைக்காரி பிள்ளைத் துணி முழுவதையும், அந்தச் சட்டையோடு, மூட்டை கட்டிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதை நம்பத்தான் ஆசை. ஆனாலும் பொழுது சாயும்வரை பிள்ளையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் தடிப்பு அமர்ந்து, சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. கோயில் வாசலுக்கு வெகு தூரத்தில் நின்றுகொண்டு குருவானவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வெயிலில் நடந்து வந்து, பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காய்ச்சல் உண்டா என்று விசாரித்து, "உள்ளே கொண்டு வா" என்றார்.

தாயின் பழைய சேலைக் கிழிசலில் சுற்றித்தான் என் மகளைக் கொண்டுபோனோம். சாயம் போன துணி. மற்றப் பிள்ளைகளெல்லாம் சரிகைத் தொப்பியும் சட்டையுமாக இருந்தார்கள். "ஒரு சட்டை கூடவா இல்லை?" என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது. குருவானவர் மூன்று கை தண்ணீர் வார்த்தார். ஜெபத்துக்குக் கண்ணை மூட வேண்டிய நேரத்தில் நான் மூடவில்லை. தண்ணீர் வழிந்த நெற்றியில் ஒரு புள்ளியாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. அப்புறந்தான் ஆமென் சொன்னேன், சபை சொல்லி முடித்த பிறகு, தனியாக.

அடுத்த வாரம் சலவைக்காரி சட்டையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "மோந்து பாருங்க." வெயில் வாசம் மட்டுந்தான் இருந்தது.

"இப்பப் போடுங்க" என்றாள்.

பாயின் அடியில் காய்ந்துபோன வேப்பிலையை என் சம்சாரம் பெருக்கி அடுப்பில் போட்டாள். சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டோம். அதற்குப் பிறகும் பல நாள் காலையில் கொடிக்காலுக்குப் புறப்படுமுன், அந்தச் சட்டைக் கழுத்தைத் தூக்கி உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.