கை கூப்பிய தப்பு

இன்று காஜா பெராங் தெரு முனையில் காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கும்போது, கோயில் பழக்கத்தில் கை கூப்பிவிட்டேன். கையைத் தொடையோடு ஒட்டி வைத்துத்தான் குனிய வேண்டுமாம். கத்தினான். மறுபடி குனிய வைத்து அனுப்பினான்.

“அவன என்ன சாமின்னு நெனச்சிட்டீங்களாக்கா?” என்றாள் கூட வந்த பக்கத்து வீட்டு மரகதம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் கமலா பள்ளிக்கூடத்தில் இதே தப்புக்குத்தான் போன வாரம் அறை வாங்கினாள். அன்றிலிருந்து வகுப்பில் தெரிந்த பதிலுக்கும் வாய் திறப்பதில்லை.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் நடந்ததைச் சொன்னதும், “கைய கீழ விடணும்மா, இப்படி,” என்று குனிந்து காட்டினாள். அவள் கையும் தானாகக் கூடிவிட்டது. உடனே பயந்து என் கையைப் பார்த்தாள். பிடித்திருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

“நானுந்தான் தப்பா செஞ்சேன். இங்க யாரு அடிக்கப் போறா? மறுபடி செய்வோம்.”

நான் எழுத்துக் கற்றுக்கொண்டதுகூடத் தப்பாக எழுதி எழுதித்தான். என்னை அடிக்க யாரும் இருக்கவில்லை.

மரவள்ளிக் கிழங்கு வேகும்வரை இருவரும் மாறி மாறிக் குனிந்தோம். என்னைத் திருத்தும்போது சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஆனால் விளக்கேற்றியபோது, முருகன் படத்தின் முன் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“கும்பிடு கண்ணு.”

“தப்பாயிட்டா?”

“சாமி அடிக்காது,” என்றேன். மெல்லக் கூப்பினாள்.

நாளைக் காலை பள்ளிக்கு அனுப்பும்போது அப்படிச் சொல்ல முடியாது. இதைப் படிக்கும் தாய்மாரே, நீங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்?