பெரிய வெள்ளியில் ஒரு துருக்கிய முரசு

இந்த இத்தாலிய நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இருந்த ஓர் அலுவலகத்தில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு பெர்மெஸ்ஸோ எனும் வதிவிட அனுமதி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். எந்த முத்திரை எந்த மூலையில் விழ வேண்டும் என்பது இன்னும் நினைவிருக்கிறது; அந்த அறிவை இப்போது யாரும் கேட்டு வருவதில்லை. பொழுது போகத் துருக்கியரின் படை இசை வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

ஐரோப்பிய பாண்டில் அடிக்கும் பெருமுரசு துருக்கியரிடமிருந்து வந்தது. சுல்தானின் ஆட்கள் கிறிஸ்தவக் கிராமங்களில் பிள்ளைகளைப் பிடித்துச் சென்று படைக்குப் பழக்கினார்கள். காது நல்லதாக வாய்த்த சிலர் இசைக்குப் போனார்கள். பாடம் எழுத்தில் இல்லை. ஆசிரியர் "தும், தெக்" என்று வாயால் சொல்ல, பிள்ளை தொடையில் தட்டித் தட்டி மனதில் ஏற்றும். பிற்பாடு ஒரு சுல்தான் அந்தப் படையையும் அதன் இசையையும் ஒழித்துவிட்டு, தாளைப் பார்த்து வாசிக்கக் கற்பிக்க ஓர் இத்தாலியரை வரவழைத்தார். ஆட்களை ஒழித்த பிறகுதான் எங்கும் தாள்கள் ஒழுங்காகின்றன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் வன்னியிலிருந்து வந்த நண்பர். கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். பிள்ளைகளைப் பிடித்த கதை வந்ததும் தேநீரைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கும் வாயாலைதான் சொல்லித் தந்தவை, அண்ணை."

போர்க்காலத்தில் பள்ளிச் சீருடையோடு அவரை இயக்கத்துக்குக் கூட்டிப் போனார்களாம். காது நல்லது என்று பாண்டில் விட்டார்களாம். அவர் அடித்ததெல்லாம் இறந்த போராளிகளின் புதைகுழி ஓரங்களில். பெட்டி இறங்கி முடியும்வரை முரசு நிற்கக் கூடாது.

அவர் அன்று வந்தது ஓர் ஆலோசனைக்கு. உணவக முதலாளி கோவில் பாண்டில் எக்காளம் ஊதுபவர். பாண்டின் முரசுக்காரருக்குக் கை முறிந்துவிட்டது. பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கு நீ வா என்று கூப்பிட்டிருக்கிறார்.

"கை பழைய அடிக்குப் போயிடும் எண்டு பயமாக் கிடக்கு," என்றார். "ஆரும் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?"

சம்பளமில்லாத வேலை, உணவக ஒப்பந்தத்துக்குப் பாதிப்பில்லை என்று நான் விளக்கினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெரிய வெள்ளியன்று, வுச்சீரியா சந்தையின் ஒடுங்கிய சந்தொன்றில் இயேசுவின் உடல் கிடந்த பேழையைச் சுமந்தவர்கள் தோள் மாற்ற நின்றார்கள். பாண்டும் நின்றது. முரசு நிற்கவில்லை. இரண்டு அடி, ஒரு நீண்ட இடைவெளி, பிறகு ஓர் அடி. எக்காளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடைபாதையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வன்னிச் சனங்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.

வீடுகளில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மா முரசின் பக்கத்தில் வந்து, எந்த ஊரில் அடித்தவர் என்று கேட்டார். நண்பர் அடித்துக்கொண்டே ஊரைச் சொன்னார்.

"என்ரை மகனை அங்கைதான் புதைச்சவை. பிறகுதான் எனக்குச் சொன்னவை, தம்பி. அவனுக்கும் அடிச்சதோ?"

"ஓம் அம்மா. அடிச்சது."

மகனின் பெயரை நண்பர் கேட்கவில்லை, காலத்தையும் கேட்கவில்லை. என் மேசைக்கு வந்திருந்தால் அந்த வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

கோவில் வாசலில் நண்பர் முரசைக் கழற்றி வைத்தார்.

"இனி எல்லாரும் வந்து கேப்பினம், அண்ணை."

பாஸ்குவா எனும் உயிர்ப்புத் திருநாள் முடிந்து உணவகம் திறந்த அன்று, பின்வாசலில் ஒரு முதியவர் மகளின் படத்தோடு நின்றிருந்தார்.