ஒன்பது முட்டைகளும் பவளம் அக்காவும்

போன வாரம் என்னோடு கடையில் வேலை செய்கிறவர் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். ராகலைப் பக்கத்துச் சிறுவன், எட்டு வயது இருக்கும், ஆறு பேரை ஏமாற்றிப் பந்தை வலைக்குள் தள்ளுகிறான். ஊரே பார்த்துவிட்டதாம். முடிவில் யாருடைய கையோ அவன் வாயில் அவித்த முட்டையைத் திணிக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நண்பர் பொறாமை என்று நினைத்திருப்பார்.

கொஞ்சம் பொறாமையும்தான். பதினொரு வயதில் நானும் பந்தாட்டத்தில் புகழ்பெற்றவன். இப்போது என் தொப்பையைப் பார்க்கிற யாரும் இதை நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே போக வேண்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் பெயரே 'காலு'. காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் முன், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அப்பாவிடம் "காலு எப்படி இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இருக்குங்க" என்பார் அப்பா. நான் காய்ச்சலில் கிடந்தாலும் கால் நன்றாகத்தான் இருந்தது.

விறகு தூக்கக் கூடாது. சரிவில் ஓடக் கூடாது. கூடப் படித்த பயல்கள் என்னோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டார்கள். என்னைத் தொட்டால் அவர்கள் வீட்டில் அடி விழும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் இருந்த எங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்த பவளம் அக்கா மட்டும் மாறவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் "டேய், அந்தக் கொடத்த எடுத்துட்டு வாடா" என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்குத் தண்ணீர் தூக்கிய நேரத்தில்தான் நான் சாதாரணப் பயலாக இருந்தேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

கொழும்பில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்க ஹட்டனில் ஆட்டம் வைத்தார்கள். தேறினால் விடுதியும் படிப்பும் இலவசம். அன்று காலை எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு அவித்த முட்டையோடு நின்றார்கள். ஒரு வீட்டில் தின்றுவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் ஒரு வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. ஒன்பது தின்றேன். கடைசியாகப் பவளம் அக்கா வெறுங்கையோடு வந்தார். "என்னா காலுடா ஒனக்கு! போயி நல்லா வெளாடிட்டு வா" என்றார். முட்டை இல்லாமல் வந்ததற்காகவே அவரைக் கும்பிட்டிருப்பேன்.

அம்மா அப்பாவும் முட்டை கொடுத்த வீட்டுக்காரர்களும் ஏறிய லொறி வளைந்து வளைந்து ஹட்டன் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டேன். ஆட்டத்தில் முதல் பந்து காலுக்கு வந்ததும் நடு மைதானத்தில் குனிந்து ஒன்பதையும் வெளியே விட்டேன். பிள்ளையை வெளியே கூட்டிப் போகும்படி நடுவர் சிங்களத்தில் சொன்னார். கொழும்பு அத்தோடு முடிந்தது.

திரும்பும் வழியில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லொறி தோட்டத்துக்குள் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "காலப் பாத்து சொன்னாளே பவளம், அவ கண்ணுதான்." அம்மாவும் "ஆமா, வெறுங்கையோடல்ல வந்தா" என்றாள். ஒன்பது வீட்டுக்காரர்களும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். முட்டைதான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் ஒன்பது வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு கைப்பிள்ளைக்காரிகள் அக்காவைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். கொழுந்து மலையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் அவர் தலவாக்கலைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். நாங்கள் விளையாடிய இடத்தில் லீக்ஸ் பயிர் போட்டிருக்கிறார்கள். முட்டை கொடுத்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் பயப்பட வேண்டிய ஆள் என்று இனி யாருமில்லை. போன மாதம் தலவாக்கலை பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்ததும், "முட்டைதான்க்கா காரணம், ஒங்க கண்ணு இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "சரி தம்பி" என்று சிரித்தார். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகளை அவர் பக்கம் திருப்பினேன். அக்கா சட்டென்று முந்தானையை இழுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"கொண்டு போயிரு தம்பி. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்."