பிரேக்குக்கு எண்ணெய் விட்ட ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவின் கணவர் தினமும் கந்தளாய்க்கு வேலைக்குப் போவது மோட்டார் சைக்கிளில்தான். பிரேக் பிடித்தால் அது கிறீச்சிடும் சத்தத்துக்கு எங்கள் ஊர் பாலையூற்றே திரும்பிப் பார்க்கும். கதவு கிறீச்சிட்டால் கீலுக்கு எண்ணெய் விடுகிறோமே என்று யோசித்தேன். ஒரு ஞாயிறு, அத்தான் பூசைக்குப் போன நேரம் இரண்டு சில்லையும் கழற்றி, பிரேக் கட்டைகளுக்குத் தாராளமாக எண்ணெய் பூசி, திரும்பப் பூட்டினேன்.

ஏறி ஓட்டிப் பார்த்தேன். சத்தம் துப்புரவாக நின்றுவிட்டது. கடற்கரைக்கு இறங்கும் வளைவில்தான் பிரேக்கும் இல்லையென்று தெரிந்தது. "விலத்துங்கோ! விலத்துங்கோ!" என்று கத்தியபடியே போய், மணலில் காயப்போட்டிருந்த வலைக்குள் மோட்டார் சைக்கிளோடு சுருண்டு விழுந்தேன்.

வலைக்காரர் ஓடி வந்தார்.

"தம்பி, உயிரோட இருக்கிறீரோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப அசையாதையும். நீர் உதறினா மிச்ச வலையும் கிழிஞ்சுபோம்."

செய்தி கேட்டு வந்த அத்தான், வளைந்த ஹாண்டிலைப் பார்த்தார். "நாளைக்கு நான் வேலைக்கு உன்ர முதுகிலயோடா போறது?"

இப்போதெல்லாம் பிரேக் கட்டையில் தூசி துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எதைக் கழற்றிப் பூட்டினாலும், ஏறுமுன் கையால் உருட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறேன். அத்தான் ஸ்பானர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டதால், இந்தச் சோதனையெல்லாம் தற்சமயம் என் சைக்கிளில்தான்.