சேர்த்துப் போட்ட சொல்

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மவுண்ட் ரோடில் ஒரு தமிழ்த் தினசரியில் உதவியாளராகச் சேர்ந்தேன். பி.ஏ. முடித்திருந்தேன். அந்த ஆபீஸில் இருந்த ஒரே பெண் நான்தான். நிருபர்கள் டெலிபோனில் சொல்வதை எழுதிக் கொடுப்பது, தந்திச் செய்திகளைப் பிரித்து உதவியாசிரியர்களிடம் சேர்ப்பது, ‘காலமானார்’ பகுதியை எழுதுவது, இவைதான் என் வேலை. இவற்றுக்கு நடுவே யாருக்காவது தாகம் எடுத்தால் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பும். நான் நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பேன்.

‘காலமானார்’ பகுதிக்கு ஒரு சட்டம் உண்டு. மயிலாப்பூர்ப் பெரிய மனிதர்கள் சிவபதம் அடைவார்கள், வைகுண்ட பதவி பெறுவார்கள். கூலிக்காரர்கள் அந்தப் பகுதிக்கே வரமாட்டார்கள். விபத்துச் செய்திகளில் இறந்தான், செத்தாள் என்று முடிந்துபோவார்கள். ஏன் இப்படி என்று சேர்ந்த புதிதில் தலைமை உதவியாசிரியரிடம் கேட்டேன். “தமிழ் இலக்கணத்தை நானா எழுதினேன்?” என்றார். மனிதர்கள் செய்கிற அவமரியாதைக்கு இலக்கணம் என்ன செய்யும்? அன்று வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஒரு சாயங்காலம் மாம்பலம் பக்கத்து நிருபர் டெலிபோனில் பேசினார். பாண்டி பஜாரில் கீரை விற்கும் ஒரு வயதான அம்மாள் மிலிட்டரி லாரியில் அடிபட்டு இறந்துவிட்டாராம். நிலைதடுமாறி லாரியின் குறுக்கே விழுந்ததாகப் போலீஸார் சொன்னார்களாம். அப்படியே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பத்திரிகையில் ‘குடிபோதையில் நிலைதடுமாறி’ என்று இருந்தது. நான் எழுதாத சொல். நிருபர் சொல்லாத சொல்.

தலைமை உதவியாசிரியரிடம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன்.

“நான்தான் சேர்த்தேன். சாயங்கால வேளை, அந்த ஜனங்க நிலைதடுமாறினா வேற எதனால தடுமாறுவாங்க?” என்றார்.

“வயசானவங்க. கால் இடறியிருக்கலாமே சார்.”

“நீ பார்த்தியா?”

“நீங்க பார்த்தீங்களா?”

அவர் வேறு காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அந்த அம்மாளின் மகன் ஆபீஸுக்கு வந்தார். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. வாசல் காவல்காரர் அவரை உள்ளே விடவில்லை. சத்தம் கேட்டு நான்தான் இறங்கிப் போனேன்.

“எங்க அம்மா குட்ச்சிட்டு வுழுந்துச்சுன்னு போட்டுக்கீறீங்களாமே. முடிவெட்ற கடைல படிச்சாங்க. அது ஒரு நாளும் குட்ச்சதில்லம்மா. எங்க நைனா குட்ச்சே செத்தாரு. அதனால கள்ளுக்கடை இருக்கற தெருவுலயே அது நடக்காது. இப்போ காரியத்துக்கு வந்தவங்கல்லாம் அதையேதான் கேக்கறாங்க.”

“நான் பேசிப் பார்க்கிறேன்” என்றேன். இதைவிடப் பெரிய வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பாண்டி பஜாரில் இறங்கி விசாரித்தேன். விபத்து நடந்த இடத்துக்கு எதிரே சோடாக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“அந்தம்மா எங்கேயும் விழலே. உட்கார்ந்த இடத்துலேதான் உட்கார்ந்திருந்தாங்க. லாரிதான் ஓரத்துல ஏறி வந்தது. போலீஸ்கிட்டேயும் சொன்னேன். எழுதிக்கலே” என்றார். போலீஸார் எழுதாததைப் பத்திரிகை எழுதவேண்டும் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன்.

மறுநாள் ஒரு திருத்தம் எழுதிக் கொண்டுபோனேன். தலைமை உதவியாசிரியர் லாரி என்ற சொல்லைப் பார்த்ததுமே காகிதத்தைத் திருப்பி நீட்டினார். “யுத்த காலத்துல மிலிட்டரி மேல பழி போடறதா? பத்திரிகையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்.”

“சரி, லாரி வேண்டாம். போதைங்கறது தவறுன்னு மட்டுமாவது போடலாமே. அது நம்ம தப்பு.”

“கீரைக்காரிக்கெல்லாம் திருத்தம் போட ஆரம்பிச்சா பத்திரிகை பூரா திருத்தமாத்தான் இருக்கும்.”

அதே வாரம் ஓர் அட்வகேட்டின் இனிஷியலில் ஓர் எழுத்து மாறி வந்துவிட்டது. அவர் டெலிபோன் செய்த மறுநாளே முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, ‘தவறு நேர்ந்தமைக்குப் பெரிதும் வருந்துகிறோம்’ என்று போட்டார்கள். அந்த வருத்தத்தைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

அன்றைக்கே ‘காலமானார்’ பகுதியில் அந்த அம்மாளையும் சேர்த்தேன். முழுப் பெயரைப் போட்டு, ‘தியாகராய நகரில் நெடுங்காலம் கீரை வியாபாரம் செய்துவந்த அம்மையார் சாலை விபத்தில் காலமானார். மது அருந்தும் வழக்கம் ஒருநாளும் இல்லாதவர்’ என்று எழுதினேன். அந்தப் பகுதியை யாரும் சரிபார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவருக்கும் மிராசுதார் ஒருவருக்கும் நடுவே அது வெளிவந்தது.

ஆபீஸில் பெரிய ரகளை. “ஜட்ஜ் வீட்டுக்காரங்க கேட்டா யார் பதில் சொல்றது?” என்று தலைமை உதவியாசிரியர் கத்தினார்.

“நான் சொல்றேன் சார். டெலிபோனைக் கொடுங்க” என்றேன்.

ஜட்ஜ் வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியை என்னிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

மகன் மறுபடி வந்தார். இந்த முறை வாசலிலேயே காத்திருந்தார். படித்துச் சொல்லக் கேட்டாராம். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் கீது. ஆனா லாரியப் பத்தி ஒண்ணுமே இல்லியேம்மா.”

“போட விடமாட்டேங்கறாங்க.”

“அப்போ எங்க அம்மாவ கொன்னது யாரு?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை, சோடாக்கடைக்காரர் சொன்னதை, அப்படியே சொன்னேன். தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். அடுத்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகவேண்டும் என்று கிளம்பினார்.

அடுத்த வருஷம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அந்த ஆபீஸை விட்டேன். நான் இருந்தவரைக்கும் அந்தத் திருத்தம் வரவில்லை. பிற்பாடும் வந்ததாகத் தெரியவில்லை.